"வளர்ற பிள்ளைதானே" என்று சைக்கிள் வாங்காதீர்கள்

அன்பான பெற்றாருக்கும், லண்டனிலும் ரொறன்ரோவிலும் கட்டாரிலும் இருந்துகொண்டு ஊரில் உள்ள பிள்ளைகளுக்குச் சைக்கிள் எடுத்துக் கொடுக்கிற மாமா, சாச்சா, மாமிமாருக்கும்,

கொஞ்சம் நீளமாக எழுதுகிறோம். பொறுமையாக வாசியுங்கள். பிள்ளையின் கை, கால், பல்லு சம்பந்தப்பட்ட விசயம்.

தரம் 5 புலமைப்பரிசில் முடிவு வந்தால் எங்கள் வீடுகளில் முதல் பேச்சு சைக்கிள்தான். "பாஸ் பண்ணினால் சைக்கிள்" என்று வருசம் முழுக்கச் சொல்லிப் படிக்க வைத்திருப்போம். தரம் 6க்குப் பெரிய பள்ளிக்கூடம், தூரம் கூட, பின்னேரம் ரியூசன் வேறு. சைக்கிள் இல்லாமல் முடியாது. முன்பு வாப்பாவோ அப்பாவோ பிள்ளையைக் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் பஸாருக்குப் போவார். பிள்ளை கடையிலேயே ஏறி இருந்து பார்க்கும், கடைக்காரர் சீற்றை இறக்கிக் கொடுப்பார். இப்போது போனில் படத்தைப் பார்த்து ஓடர் போடுகிறோம். மூன்றாம் நாள் கூரியர் வாகனம் பெரிய பெட்டியை வாசலில் இறக்கிவிட்டுப் போகிறது. காசு கட்டியவர் வெளிநாட்டில், விற்றவர் கொழும்பில். ஓடப்போகிற பிள்ளையின் காலை அளந்தவர் யாரும் இல்லை.

காலையில் பள்ளிக்கூட வாசலில் நிற்கிற ஆசிரியர்களுக்கு இதன் பலன் நன்றாகத் தெரியும். சீற்றில் இருந்தால் கால் நிலத்தில் முட்டாத பிள்ளைகள் எத்தனை பேர்! மதிலைப் பிடித்து ஏறுகிறார்கள். நிற்பாட்ட வேண்டும் என்றால் ஒரு பக்கம் சரிந்து குதிக்கிறார்கள். சீற்றில் இருக்காமல் நின்றபடியே உழக்குகிறார்கள். கேட்டால், "பெரிசாகினால் சரியாகிடும் சேர்" என்கிறார்கள். அது பிள்ளையின் சொல் இல்லை, வீட்டில் சொல்லிக் கொடுத்தது.

எங்கள் நிலைப்பாடு இதுதான்: சைக்கிள் வாங்கவேண்டியது பிள்ளையின் இன்றைய காலுக்கு, மூன்று வருசம் கழித்து வரப்போகிற காலுக்கு அல்ல. ஒன்லைனில் வாங்குகிறவர்கள் வயதையும் சில்லின் அங்குலத்தையும் மட்டும் பார்த்து ஓடர் போடக்கூடாது.

முதலில் இந்த அங்குலக் கணக்கைப் பார்ப்போம். விளம்பரத்தில் 20, 24, 26 என்று போட்டிருக்கும். பலர் அதைச் சைக்கிளின் உயரம் என்று நினைக்கிறார்கள். அது சில்லின் அளவு, டயரோடு சேர்த்து விட்டம். சில்லு பெரிதானால் சைக்கிளும் பொதுவாகப் பெரிதாகும், உண்மைதான். ஆனால் ஒரே 26 அங்குலச் சில்லில் குள்ளமான ஃபிரேமும் வரும், உயரமான ஃபிரேமும் வரும். ஆளுக்குப் பொருந்துமா என்பதைச் சொல்வது ஃபிரேம். பெடல் அச்சிலிருந்து சீற் குழாயின் மேல் நுனி வரை உள்ள நீளம்தான் ஃபிரேம் அளவு. பெரியவர்களின் சைக்கிளில் அதை அங்குலத்தில் 18, 20, 22 என்றோ, எஸ், எம், எல் என்றோ சொல்வார்கள். ஆகவே "26 சைக்கிள்" என்று மட்டும் சொல்வது, "8 ஆம் நம்பர்" என்று சொல்லி அது செருப்பா சட்டையா என்று சொல்லாமல் விடுவது போன்றது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எங்கள் வாப்பாமார் காலத்து பார் வைத்த பெரிய சைக்கிளை எடுத்துக்கொள்ளுங்கள். றலியோ லுமாலாவோ, ஃபிரேம் 22 அங்குலம் என்றால் 56 செ.மீ. பெடல் அச்சு நிலத்திலிருந்து ஏறக்குறைய 29 செ.மீ. உயரத்தில் இருக்கும். சீற் குழாய் பின்பக்கம் சாய்ந்திருப்பதால் கொஞ்சம் கழிக்க வேண்டும். அப்படியும் பார் 80 செ.மீ. அளவில் வந்து நிற்கும். தரம் 6 பிள்ளை ஒன்றின் உயரம் 140 செ.மீ. என்று வைத்தால், உள்கால் அளவு 63, 65 செ.மீ. தான் இருக்கும். பாருக்கும் பிள்ளைக்கும் 15 செ.மீ. வித்தியாசம். அந்த 15 செ.மீ.ஐ எந்தப் பிரார்த்தனையும் ஒரு இரவில் வளர்த்துத் தராது.

"நாங்கள் எல்லாம் அந்தச் சைக்கிளில்தானே பழகினோம், செத்தா போனோம்?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. பாருக்குக் கீழால் ஒரு காலை விட்டு, உடம்பை ஒரு பக்கம் வளைத்து, அரை வட்டம் அரை வட்டமாக உழக்கிப் பழகிய தலைமுறைதான் எங்களுடையது. தமிழ்நாட்டில் இதற்குக் குரங்குப் பெடல் என்று பெயர். 2024இல் அந்தப் பெயரிலேயே ஒரு சினிமாப் படமும் வந்தது. ஆனால் நாங்கள் பழகிய வீதி எது? 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடை இருந்த வருசங்களில் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது நின்றது. மண்ணெண்ணெயில் ஓடிய சில மோட்டார் சைக்கிள்களையும் கார்களையும் விட்டால், வீதி முழுக்கச் சைக்கிள்தான். நோயாளியைக் கொண்டுபோனதும் சைக்கிளில், விறகு கொண்டுவந்ததும் சைக்கிளில், மின்சாரம் இல்லாத இரவில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டதும் சைக்கிளில். அந்த வீதியில் பிள்ளை விழுந்தால் முழங்கால்தான் உரசும். இன்றைக்குக் காங்கேசன்துறை வீதியிலும் பலாலி வீதியிலும் கண்டி வீதியிலும் தனியார் பஸ் ஒன்றை ஒன்று முந்தி ஓடுகிறது. இடையில் முச்சக்கரவண்டி, டிப்பர். அங்கே சைக்கிளை நிற்பாட்டிக் காலை ஊன்றத் தெரியாத பிள்ளை சரிந்து விழுவது எந்தப் பக்கம் என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை.

இன்னொன்றையும் யோசியுங்கள். அந்தக் காலத்தில் வெறும் உடம்போடு, ஒழுங்கையில், பின்னால் அண்ணன் சீற்றைப் பிடித்துக்கொண்டு ஓடிவர நாங்கள் பழகினோம். இன்றைய பிள்ளை கரியரில் புத்தகப் பை, ஹான்டிலில் தண்ணீர்ப் போத்தல், சாப்பாட்டுப் பெட்டி என்று பாரத்தோடு ஓடுகிறது. ஓடும்போது அந்தப் பாரம் தெரியாது. நிற்கும்போதுதான் சைக்கிளைச் சரித்து இழுக்கும். நிற்கிற நேரத்தில் கால் முட்டாவிட்டால் அந்த இழுவையைத் தாங்க எதுவும் இல்லை.

பெரியவர்கள் கவனிக்காத ஒரு விசயம் பிறேக். பெரிய சைக்கிளின் பிறேக் பிடியும் பெரிய கைக்குத்தான் செய்யப்பட்டது. சின்ன விரலுக்கு எட்டாது. எட்டினாலும் முழுதாக அமத்தப் பலம் வராது. அதோடு ஹான்டில் தூரமாக இருந்தால் பிள்ளை முன்னுக்குக் குனிந்து கையை முழுதாக நீட்டித்தான் பிடிக்கும். பிறேக்கைத் தேடி விரலை நீட்டினால் ஹான்டில் ஆடும். சீற்றில் இருக்கும்போது முழங்கை கொஞ்சம் மடிந்திருக்க வேண்டும், விரல் பிறேக் பிடியில் தானாகப் போய் விழ வேண்டும். ஒன்லைனில் படத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. கேட்டுத்தான் அறியவேண்டும்.

அப்போ என்ன செய்வது? வீட்டில் ஐந்து நிமிட வேலை. பிள்ளையைச் செருப்பு இல்லாமல் சுவரோடு முதுகு முட்ட நிற்கச் சொல்லுங்கள். இரண்டு பாதத்துக்கும் இடையில் ஒரு சாண் இடைவெளி. மொத்த அட்டைப் புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு இடையில், ஒரு ஓரம் சுவரில் முட்ட, சீற்றில் இருப்பதுபோல மேலே நன்றாக அமத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். புத்தகத்தின் மேல் விளிம்பு சுவரில் முட்டுகிற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. நிலத்திலிருந்து அந்தக் கோடு வரை தையல்காரரின் ரேப்பால் அளவுங்கள். அதுதான் உள்கால் அளவு. சைக்கிள் வாங்குகிறவருக்குப் பிள்ளையின் வயதைச் சொல்லாதீர்கள், இந்த எண்ணை அனுப்புங்கள். ஒரே வகுப்பில், ஒரே வயதில், தலை அளவு வித்தியாசமான பிள்ளைகளை நாங்கள் தினமும் பார்க்கிறோம். "9 முதல் 12 வயது வரை" என்று விளம்பரத்தில் போடுவது விற்கிறவரின் வசதிக்கு.

இனி விற்கிறவரிடம் கேட்கவேண்டிய கேள்விகள். இவற்றை அப்படியே வட்ஸ்அப்பில் அனுப்பலாம்.

1. சீற்றை முழுதாக இறக்கினால் நிலத்திலிருந்து சீற்றின் மேல்பக்கம் எத்தனை செ.மீ.? இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். இப்போதுதான் பழகுகிற பிள்ளை என்றால் அந்த எண் உள்கால் அளவுக்கு மேல் போகக்கூடாது. இரண்டு பாதமும் முழுதாக நிலத்தில் படவேண்டும். நன்றாக ஓடத் தெரிந்த பிள்ளை என்றால் ஐந்தாறு செ.மீ. கூடலாம், இரண்டு காலின் முன்பாதமும் நிலத்தில் முட்டினால் போதும்.

2. பார் இருந்தால் அதன் உயரம் எத்தனை செ.மீ.? பிள்ளை பாரைக் கவட்டுக்குள் வைத்து நின்றால் குறைந்தது மூன்று நான்கு செ.மீ. இடைவெளி இருக்கவேண்டும்.

3. டயரின் பக்கத்தில் என்ன எண் எழுதியிருக்கிறது? படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

4. செயின் கவர், மட்காட், கரியர், ஸ்ராண்ட் எல்லாம் சேர்த்தா விலை?

5. அளவு சரிவராவிட்டால் மாற்றித் தருவீர்களா? திருப்பி அனுப்புகிற கூரியர் காசு யாருடையது?

மூன்றாவது கேள்வி ஏன் என்று சிலர் யோசிக்கலாம். 26 அங்குலம் என்ற பெயரில் ஒன்றுக்கு ஒன்று பொருந்தாத டயர்கள் பல உண்டு. 26 × 1 3/8 என்று எழுதியது ஒன்று, 26 × 1.75 என்று எழுதியது இன்னொன்று. இரண்டும் 26தான். ஆனால் முதலாவது ஏறுகிற றிம் 590 மி.மீ., இரண்டாவது ஏறுகிற றிம் 559 மி.மீ. 31 மி.மீ. வித்தியாசம். ஒன்றின் டயரை மற்றதற்குப் போடவே முடியாது. டயரில் 37-590, 47-559 என்று சின்னதாக எழுதியிருப்பது அந்த றிம் அளவைத்தான். அதுபோல 29 அங்குலம் என்று விற்பதும் 700 சி என்று விற்பதும் ஒரே 622 மி.மீ. றிம். 27.5 என்பது 584. பெயரை நம்பாமல் அந்த மூன்று இலக்கத்தைப் பாருங்கள். பிறகு அந்த இலக்கத்தை உங்கள் சந்தியில் சைக்கிள் திருத்துகிறவரிடம் காட்டி, "இந்த டயரும் ரியூப்பும் உங்களிடம் கிடைக்குமா?" என்று கேளுங்கள். அவர் இல்லை என்றால், முதல் பஞ்சரோடு அந்தச் சைக்கிள் மூலையில் சாத்தப்படும்.

கியர் பற்றியும் ஒரு வார்த்தை. 21 கியர் என்று விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருந்தால் பிள்ளைக்கு ஆசை வரும். எங்கள் குடாநாடு தட்டையான நிலம். ஏற்றம் என்று சொல்ல ஒரு மலை இல்லை. பண்ணைப் பாலத்திலும் கோப்பாய்க் கைதடி வெளியிலும் எதிர்க்காற்று அடித்தால்தான் கியர் கொஞ்சம் உதவும். உப்புக் காற்றில் அந்தச் சின்னச் சின்னப் பாகங்கள் கறள் பிடிப்பதும் கெதியில் நடக்கும். அந்தக் காசைப் பொருத்தமான ஃபிரேமிலும் நல்ல பிறேக்கிலும் போடுவது புத்தி.

பெண்பிள்ளைகள் விசயத்தைத் தனியாகச் சொல்லவேண்டும். சாறி கட்டிக்கொண்டு சைக்கிளில் பள்ளிக்கூடம் போய்வந்த ரீச்சர்மாரைக் கண்டு வளர்ந்த ஊர் இது. பார் இல்லாத லேடீஸ் சைக்கிள்தானே, அளவு ஒரு பிரச்சினை இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். பார் இல்லாவிட்டால் ஏறி இறங்கச் சுகம், அவ்வளவுதான். சீற்றின் உயரமும் ஹான்டிலின் தூரமும் அப்படியே இருக்கின்றன. அபாயாவோ நீளப் பாவாடையோ உடுத்து ஓடுகிற பிள்ளைக்கு முழுச் செயின் கவரும், பின் சில்லின் பக்கத்தில் துணி போகாமல் மறைக்கிற வலையும் கட்டாயம். ஒன்லைனில் வருகிற "ஸ்போர்ட்ஸ்" மொடல்களில் இவை பெரும்பாலும் இருக்காது. கால் முட்டாத சைக்கிளில் ஒருநாள் விழுந்து, செயினில் துணி மாட்டி, நாலு பேர் பார்த்துச் சிரித்துவிட்டால், அந்தப் பிள்ளை பிறகு சைக்கிளைத் தொடாது. அதன் பிறகு ரியூசனுக்கு யாராவது கொண்டுபோய் விடவேண்டும். ஆள் இல்லாத நாளில் ரியூசன் இல்லை. பொருந்தாத சைக்கிள் ஒரு பெண்பிள்ளையின் படிப்பில் கை வைப்பது இப்படித்தான்.

இது எங்கள் கற்பனை இல்லை. இந்தியாவில் பீகார் அரசாங்கம் 2006இல், ஒன்பதாம் வகுப்புக்குப் போகிற பெண்பிள்ளைகளுக்குச் சைக்கிள் வாங்க 2000 ரூபா கொடுக்கத் தொடங்கியது. கார்த்திக் முரளீதரன், நிஷித் பிரகாஷ் என்ற இரண்டு பொருளியலாளர்கள் அதை ஆராய்ந்தார்கள். உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த பெண்பிள்ளைகளின் எண்ணிக்கை 32 சதவீதம் கூடியது என்று கண்டார்கள். சைக்கிள் ஒரு பிள்ளையை வகுப்புக்குள் கொண்டுவந்து விடும். ஓடக்கூடிய சைக்கிளாக இருந்தால்!

இந்த இடத்தில் சைக்கிள் தானம் செய்கிற உறவுகளுக்கும் அமைப்புகளுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் நல்ல மனதுக்கு நன்றி. இலங்கைக்குச் சைக்கிள் உதவி புதிதல்ல. சுனாமிக்குப் பிறகு வேர்ல்ட் பைசிக்கிள் றிலீஃப் என்ற அமைப்பு தன் வேலையைத் தொடங்கியதே இந்த நாட்டில்தான், 24,000க்கும் கூடிய சைக்கிள்களைக் கொடுத்தார்கள். தமிழ்நாட்டு அரசாங்கம் பிளஸ் ஒன் படிக்கிற பிள்ளைகளுக்கு இலவசச் சைக்கிள் கொடுக்கிறது. ஆனால் கவனியுங்கள்: பிளஸ் ஒன் பிள்ளைக்கு வயது 16. ஏறக்குறைய முழு ஆளாக வளர்ந்திருக்கும். பெரியவர் சைக்கிள் ஒரே அளவில் கொடுத்தாலும் பலருக்குச் சரிவரும். எங்கள் பக்கத்தில் கொடுப்பது தரம் 6இலிருந்து. 20 பிள்ளைகளுக்கு 20 சைக்கிள், எல்லாம் 26 அங்குலம், எல்லாம் ஒரே நிறம். மேடையில் வரிசையாக நிற்பாட்டிப் படம் எடுக்க அழகு. வீட்டுக்குப் போனதும் பாதிச் சைக்கிளை அண்ணன் ஓடுவார், இல்லாவிட்டால் வாப்பா வேலைக்குக் கொண்டுபோவார். சிலது அடுத்த மாதமே விற்பனைக்கு வரும். உங்கள் நோக்கம் அதுவல்லவே. பட்டியலில் பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் உள்கால் அளவு என்று ஒரு நிரலைச் சேருங்கள். அளந்து தருவது பள்ளிக்கூடத்துக்கு ஒரு பாட நேர வேலை. ஆசிரியர்கள் மாட்டோம் என்று சொல்லமாட்டோம்.

இப்போது காசு. "மூன்று வருசத்துக்கு ஒருதரம் சைக்கிள் மாற்ற எங்களிடம் எங்கே காசு?" இது உண்மையான கேள்வி, லேசாகத் தள்ளிவிட முடியாது. 2022இல் எரிபொருள் வரிசை நீண்டபோது சைக்கிள் விலை எப்படி ஏறியது என்று எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். எங்கள் பதில் மூன்று.

ஒன்று, சரியான அளவு என்றால் இறுக்கமான அளவு என்று அர்த்தம் இல்லை. சீற் இறக்கினபடி இன்றைக்குப் பொருந்துகிற சைக்கிளை எடுங்கள். பிள்ளை வளர வளர சீற்றை உயர்த்தலாம். பழகிய பிள்ளை குதிக்காலைக் கீழ்ப் பெடலில் வைத்தால் கால் நேராக வருகிற அளவு வரை உயர்த்தலாம். சீற் தண்டில் ஒரு கோடு போட்டிருக்கும், அது வெளியே தெரியும்படி மட்டும் உயர்த்தக்கூடாது. இப்படி இரண்டு மூன்று வருசம் தாராளமாக ஓடும். மேலே இருந்து கீழே குறைக்க முடியாது, கீழே இருந்து மேலே கூட்டலாம். அதனால்தான் சின்னப் பக்கமாக யோசியுங்கள் என்கிறோம்.

இரண்டு, புதுசு வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஒரு பிள்ளைக்குச் சின்னதாகிப் போன 20, 24 அங்குலச் சைக்கிள்கள் எத்தனை வீட்டு விறாந்தையில் தூசி பிடித்து நிற்கின்றன! ஒரு மஹல்லாவுக்குள், ஒரு ஒழுங்கைக்குள் மாற்றிக்கொண்டாலே பாதிப் பேருக்குச் செலவில்லை. பாவித்ததை வாங்கினால் நேரில் போய்ப் பிள்ளையை ஏற்றிப் பார்க்கலாம் என்ற பெரிய நன்மையும் உண்டு.

மூன்று, பொருந்தாத சைக்கிள் மலிவு இல்லை. ஓடாமல் நிற்கிற சைக்கிளுக்குக் கொடுத்த காசு முழுவதும் நட்டம். ஆஸ்பத்திரிக் கணக்கை நாங்கள் இதில் சேர்க்கவில்லை.

கடைசியாக, ஒன்லைனில் விற்கிறவர்களுக்கு. அளவையில் குறை வைக்காதே என்று சின்ன வயதிலேயே எல்லோருக்கும் சொல்லித்தான் வளர்த்தார்கள். சீனி நிறுக்கிற தராசுக்கு மட்டும் உள்ள சொல் இல்லை அது. சீற்றின் ஆகக் குறைந்த உயரத்தையும் ஆகக் கூடிய உயரத்தையும் செ.மீ. கணக்கில் விளம்பரத்தில் எழுதுவதற்கு ஒரு சதமும் செலவில்லை. பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் 2003இலேயே வந்துவிட்டது. சிறுவர் சைக்கிளுக்கு அந்த இரண்டு எண்ணையும் கட்டாயமாக்கும்படி அதிகாரசபை ஒரு அறிவித்தல் போட்டால் போதும், நாடு முழுக்கப் பிள்ளைகள் பயன் பெறுவார்கள்.

அதுவரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை. இந்த வெள்ளி, சனிக்குள் ஒரு ரேப்பை எடுத்துப் பிள்ளையின் காலை அளவுங்கள். அந்த எண்ணை வெளிநாட்டில் இருக்கிற மாமாவுக்கு அனுப்புங்கள். வீட்டில் ஏற்கெனவே பெரிய சைக்கிள் நின்றால் சீற்றை ஆகக் கீழே இறக்கிப் பாருங்கள். அப்படியும் கால் முட்டவில்லை என்றால் அதைப் பத்திரமாகத் துடைத்து வைத்துவிட்டு, பிள்ளைக்கு இப்போதைக்குச் சின்னது ஒன்றை ஒழுங்கு செய்யுங்கள். பிள்ளை வளரும், இன்ஷா அல்லாஹ். அதுவரை அந்தப் பெரிய சைக்கிள் காத்திருக்கட்டும். பிள்ளை அதில் ஏறி வளரவேண்டாம்.